பழைய டிவி தொடரை ப்ளூரேக்கு ரெடி பண்றது எப்படி: புதுசா வர்றவங்களுக்கு

இந்த வேலைக்குப் புதுசா வர்ற எல்லாரும் முதல்ல கேக்கறது எந்த சாஃப்ட்வேர் வாங்கணும், எந்த ஏஐ அப்ஸ்கேலர் (படத்தைப் பெருசாக்கற சாஃப்ட்வேர்) நல்லா இருக்கும்னுதான். அதை ஒரு ரெண்டு மாசம் மறந்துடுங்க. உங்க கையில வந்த தொடரைப் பத்தி ரெண்டே ரெண்டு கேள்விக்கு பதில் வேணும். எதுல ஷூட் பண்ணாங்க? எதுல எடிட் பண்ணி முடிச்சாங்க? இந்த ரெண்டுக்கும் பதில் தெரியாம ஒரு ஃபிரேமைக்கூட தொடாதீங்க, ஏன்னா செலவு எவ்வளவு, எச்டி வருமா வராதா, எந்த ஃபார்மேட்ல டிஸ்க் போடணும்னு பின்னாடி வர்ற முடிவு எல்லாமே இதுலதான் தொங்கிக்கிட்டு இருக்கு.

மொதல்ல தொடர் எந்த ஜாதகம்னு பாருங்க

பழைய தொடர் எல்லாம் கிட்டத்தட்ட நாலு வகைக்குள்ள வந்துடும்.

ஃபிலிம்ல எடுத்து ஃபிலிம்லயே வெட்டி ஒட்டி முடிச்சது முதல் வகை. 1951ல ஆரம்பிச்ச 'ஐ லவ் லூசி' அப்படித்தான், ஆடியன்ஸ் முன்னாடி மூணு கேமரா வச்சு 35 எம்எம் ஃபிலிம்ல எடுத்தாங்க, அதனாலதான் இன்னைக்கும் அவ்வளவு தெளிவா இருக்கு. நெகட்டிவ் நல்லா இருந்துச்சுன்னா ஸ்கேன் பண்ணினா போதும், எச்டி தானா வந்துடும்.

ரெண்டாவது, ஃபிலிம்ல எடுத்து வீடியோ டேப்ல எடிட் பண்ணினது, 80கள்ல 90கள்ல அமெரிக்காவுல ரொம்ப சகஜம். நெகட்டிவ்ல எச்டி இருக்கு, ஆனா முடிஞ்ச எபிசோட்னு ஒண்ணு டேப்ல மட்டும்தான் இருக்கும், இதோட கஷ்டத்தை கீழ தனியா சொல்றேன். மூணாவது, வீடியோ கேமராவுல எடுத்து வீடியோவுலயே முடிச்சது, இதுல எஸ்டிக்கு (பழைய டிவியோட சாதாத் தெளிவு) மேல ஒரு புள்ளி கூட கிடையாது, யார் என்ன சொன்னாலும் நம்பாதீங்க. நாலாவது, நேரலையாவோ டேப்லயோ போன நிகழ்ச்சி, டேப் அழிஞ்சு போய் மானிட்டரை ஃபிலிம் கேமராவால படம் பிடிச்ச காப்பி மட்டும் தப்பிச்சது. இதை அமெரிக்காவுல கினிஸ்கோப்னு சொல்லுவாங்க, பிரிட்டன்ல டெலிரெக்கார்டிங்.

எப்படிக் கண்டுபிடிக்கறது? டேப்ல இருந்து எடுத்த, யாரும் கை வைக்காத இன்டர்லேஸ் ஃபைலை (ஒவ்வொரு ஃபிரேமும் ஒத்தைக் கோடு, ரெட்டைக் கோடுனு ரெண்டு ஃபீல்டா பிரிஞ்சிருக்கறது) எடுத்துக்கோங்க, ஆள் நடக்கற ஒரு சீன்ல ஒவ்வொரு ஃபிரேமா தள்ளிப் பாருங்க. என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை, செகண்டுக்கு கிட்டத்தட்ட 30 ஃபிரேம்) டேப்ல மூணு ஃபிரேம் சுத்தமா, ரெண்டு ஃபிரேம் சீப்புப் பல்லு மாதிரி கோடு விழுந்து, திரும்ப மூணு சுத்தம்னு வந்துச்சுன்னா அது 24 ஃபிரேம் ஃபிலிம், 3:2 புல்டவுன்ல (ஒரு ஃபிரேமை 3 ஃபீல்டா, அடுத்ததை 2 ஃபீல்டானு மாத்தி மாத்தி விரிச்சு) டேப்புக்கு மாத்தியிருக்காங்க. அசைவு இருக்கற எல்லா ஃபிரேமும் சீப்பா இருந்தா அது வீடியோ. பிஏஎல்ல (பிரிட்டன் மாதிரி நாடுகளோட டிவி முறை, செகண்டுக்கு 25 ஃபிரேம்) ஃபிலிம்னா பெரும்பாலும் எல்லா ஃபிரேமும் சுத்தமா இருக்கும். ஒரே எபிசோடுக்குள்ள ரெண்டும் கலந்து வர்றதும் உண்டு, பிபிசியோட 60கள் 70கள் நாடகம் நிறைய ஸ்டுடியோ உள்காட்சி வீடியோ, வெளிக்காட்சி 16 எம்எம் ஃபிலிம்னு இருக்கும், கதவைத் திறந்து வெளிய வந்ததும் படத்தோட தோரணையே மாறும்.

அதுல ஒரு அதிர்ஷ்டக் கதை உண்டு. பிபிசியோட அறிவியல் புனைகதைத் தொடர் 'டாக்டர் ஹூ'வுல 1970ல வந்த 'ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்'ங்கற கதை, ஸ்டுடியோவுல வேலை நிறுத்தம் வந்ததால மொத்தமும் வெளியில போய் 16 எம்எம்ல எடுக்க வேண்டியதாப் போச்சு. அன்னைக்கு அது தலைவலி, ஆனா அந்த ஒரே காரணத்தால 2013ல அதை நிஜமான எச்டியில ப்ளூரேவா கொண்டு வர முடிஞ்சுது, அதே காலத்து மத்த கதைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எத்தனை காப்பி இருக்குனு தேடுங்க

முதல்ல கிடைச்ச காப்பியை வச்சு வேலை ஆரம்பிக்கறதுதான் பெரிய தப்பு. ஒரு எபிசோடுக்கு கேமரா நெகட்டிவ், இன்டர்பாசிட்டிவ் (நெகட்டிவ்ல இருந்து எடுத்த இடைக் காப்பி), ஒளிபரப்பு பிரிண்ட், 2 இன்ச் டேப், அதுல இருந்து 1 இன்ச்சுக்கு எடுத்தது, அதுல இருந்து டிஜிட்டல் பீட்டாகேம்ங்கற டேப்புக்கு எடுத்ததுனு அஞ்சாறு தலைமுறை இருக்கலாம், ஒவ்வொரு தலைமுறைக்கும் கொஞ்சம் கொஞ்சமா தெளிவு போயிருக்கும். எல்லாத்தையும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல போடுங்க, எங்க இருக்கு, என்ன ஃபார்மேட், எத்தனை நிமிஷம் ஓடுது, கலரா கறுப்பு வெள்ளையா, சவுண்ட் கூடவே இருக்கா தனி ரீலா. டப்பா மேல ஒட்டியிருக்கற லேபிளை மட்டும் நம்பி எழுதாதீங்க, திறந்து பாத்துட்டு எழுதுங்க.

நிமிஷக் கணக்கு ஏன் முக்கியம்னா, மறுஒளிபரப்புக்குனு சேனல்களுக்கு வித்த பிரிண்ட்ல விளம்பரத்துக்கு இடம் பண்ண சீன்களை வெட்டியிருப்பாங்க. அந்த பிரிண்ட் பளபளனு இருக்கும், ஆனா ரெண்டு மூணு நிமிஷம் கம்மியா இருக்கும். பளபளப்பைப் பாத்து மயங்கி அதையே மாஸ்டர்னு எடுத்துட்டீங்கன்னா வாங்கற ரசிகன் முதல் நாளே கண்டுபிடிச்சுடுவான்.

வீடியோ டேப் 1956ல வந்தப்போ விலை அதிகம், அழிச்சுட்டு மேல பதிவு பண்ணலாம்ங்கறதுதான் அதோட பெருமையே, அதனால பல நாட்டு டிவி நிறுவனங்களும் அழிச்சு அழிச்சு பயன்படுத்தினாங்க. ஆனா வெளிநாட்டுக்கு வித்த ஃபிலிம் காப்பி எங்கயாவது ஒரு அலமாரியில இருக்கலாம். 2013ல காணாமப் போன 'டாக்டர் ஹூ' எபிசோட் ஒன்பது நைஜீரியாவுல கிடைச்சதா அறிவிச்சாங்க, ஒளிபரப்பாகி 45 வருஷம் கழிச்சு. அதனால தயாரிச்சவங்க கிடங்கோட தேடலை நிறுத்தாம, வாங்கி ஒளிபரப்பின நாடுகள், பல்கலைக்கழக ஆவணக் காப்பகம், ஃபிலிம் சேகரிக்கற ஆளுங்கனு கேட்டுப் பாருங்க.

பாட்டு ரைட்ஸ் முடியாம ஸ்கேனுக்குப் பணம் கட்டாதீங்க

அந்தக் காலத்துல பாட்டுக்கு ரைட்ஸ் வாங்கும்போது டிவி ஒளிபரப்புக்குனு மட்டும், அதுவும் குறிப்பிட்ட வருஷத்துக்குனு வாங்கியிருப்பாங்க, வீட்ல டிஸ்க் வாங்கிப் பாப்பாங்கனு யாரும் நினைக்கலை. 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி' ரேடியோ ஸ்டேஷன்ல நடக்கற கதை, ராக் பாட்டு இல்லாம அந்தத் தொடரே இல்லை, ஆனா 2007ல முதல் சீசன் டிவிடி வந்தப்போ பாட்டு நிறைய மாறிப் போயிருந்துச்சு, அப்புறம் 2014ல வேற கம்பெனி மெனக்கெட்டு பெரும்பாலான பாட்டுக்கு ரைட்ஸ் வாங்கி முழுசா கொண்டு வந்தாங்க. நீங்க எபிசோட் வாரியா எந்தப் பாட்டு, எத்தனை செகண்ட், யார் பாடினதுனு ஒரு ஷீட் போட்டு வக்கீல் கையில கொடுங்க. பதில் வர மாசக்கணக்குல ஆகும், அதனாலதான் இதை மொதல்லயே சொல்றேன்.

டப்பாவைத் திறந்ததும்

ஃபிலிம்ல வினிகர் வாசனை வந்தா அதோட அசிடேட் பிளாஸ்டிக் சிதைய ஆரம்பிச்சுடுச்சுனு அர்த்தம், அதை மத்த ரீலோட வைக்காதீங்க, பக்கத்து ரீலும் சேந்து கெடும். சுருங்கியிருக்கானு அளக்கச் சொல்லுங்க, சுருங்கின ஃபிலிமை பல் சக்கரம் வச்ச பழைய மெஷின்ல ஓட்டினா துளை கிழியும்.

டேப்ல வர்ற வியாதி வேற. காந்தத் துகளைப் பிடிச்சு வச்சிருக்கற பசை ஈரத்தை இழுத்து பிசுபிசுனு ஆகிடும், அப்படியே ஓட்டினா ஹெட்ல உரிஞ்சு ஒட்டிக்கும். இதுக்கு 54 டிகிரி செல்சியஸ் பக்கத்துல பல மணி நேரம் ஒரே சீரா சூடு கொடுத்து காய வைப்பாங்க, அப்புறம் சில வாரத்துக்கு டேப் ஒழுங்கா ஓடும். தயவுசெஞ்சு வீட்டு அவன்ல பண்ணாதீங்க, சூடு ஏறி இறங்கும், டேப் வளைஞ்சுடும். அசிடேட் டேப்பை இப்படி சூடு பண்ணவே கூடாது. பூஞ்சை இருந்தா மெஷினுக்குள்ளயே விடாதீங்க, அடுத்த டேப்புக்கும் பரவும்.

நான் கத்துக்கிட்டு இருந்த காலத்துல ஒரு டேப்பை எடுக்கும்போதே டீஇன்டர்லேஸ் பண்ணி (ஃபீல்டுகளை முழு ஃபிரேமா மாத்தி) சேமிச்சேன், டிஸ்க்ல இடம் இல்லைனு ஒரிஜினல் ஃபைலை அழிச்சுட்டேன். ஒரு வாரம் கழிச்சு ஃபீல்ட் வரிசை தப்புனு தெரிஞ்சு திரும்ப டேப்பைப் போட்டா உரிஞ்சு வருது. அந்த எபிசோடோட நல்ல காப்பி அதோட போச்சு, இன்னைக்கும் அது மனசுல இருந்து போகலை. ஒவ்வொரு டேப்புக்கும் முதல் ஓட்டமே கடைசி ஓட்டமா இருக்கலாம்னு நினைச்சு, டெஸ்டுக்கு ஓட்டும்போதே ரெக்கார்ட் போட்டு வச்சுக்கோங்க.

ஸ்கேன், கேப்சர்

ஃபிலிம்னா 16 எம்எம்முக்கு 2கே தாராளம், 35க்கு முடிஞ்சா 4கே. ஃபிரேமோட ஓரம் தாண்டி கொஞ்சம் கூடுதலா எடுக்கச் சொல்லுங்க, கலர் எதுவும் திருத்தாம, வெளிச்சம் இருட்டு விவரம் எல்லாம் தங்கற மங்கலான லாக் படமா 10 பிட்டுக்குக் குறையாம வாங்குங்க. கீறல் அதிகம்னா வெட் கேட் ஸ்கேன் கேளுங்க, ஒரு திரவம் கீறல் பள்ளத்தை நிரப்பி ஒளி சிதறாம பாத்துக்கும், ஆனா அது பின்பக்கக் கீறலுக்குத்தான், படம் இருக்கற பக்கமே சுரண்டியிருந்தா உதவாது. தூசியைக் கண்டுபிடிக்க இன்ஃப்ராரெட் ஸ்கேன்னு ஒண்ணு விப்பாங்க, கலர் ஃபிலிமுக்கு அருமையான விஷயம், கறுப்பு வெள்ளைக்கு காசு கொடுக்காதீங்க, அதுல இருக்கற வெள்ளியே இன்ஃப்ராரெட்டை மறிச்சுடும்.

டேப்னா நல்லா பராமரிச்ச பிளேயர், டைம்பேஸ் கரெக்டர் (டேப் சிக்னலோட நேரத் தடுமாற்றத்தைச் சரி பண்ற கருவி), கலர் விவரம் அதிகம் தங்கற 10 பிட் 4:2:2, இன்டர்லேஸ் அப்படியே. கம்ப்ரெஸ் பண்ணாத எஸ்டி ஒரு மணி நேரத்துக்கு சுமார் 95 ஜிபி வரும், எஃப்எஃப்வி1னு ஒரு இழப்பில்லாத கோடெக் இருக்கு, மட்ரோஸ்கா ஃபைல்ல போட்டா பாதி அளவுக்கு வந்துடும், ஒரு பிட்டும் போகாது, பெரிய ஆவணக் காப்பகங்களே அதைத்தான் பயன்படுத்தறாங்க. செக்சம் (ஃபைல் மாறலைனு சரிபார்க்கற எண்) எடுத்து மூணு இடத்துல வச்சதுக்கு அப்புறம்தான் அடுத்த வேலை.

ஃபிலிம்ல எடுத்து டேப்ல முடிச்ச தொடர்

இதுதான் ரொம்ப பேர் கணக்கு தப்பிப் போற இடம். 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' 1987ல இருந்து 1994 வரைக்கும் வந்தது, 35 எம்எம்ல எடுத்தாங்க, ஆனா எடிட்டிங், எஃபெக்ட்ஸ் சேர்க்கறது எல்லாம் டேப்ல. அதை எச்டிக்கு கொண்டு வரணும்னு முடிவு பண்ணினப்போ 25,000க்கும் மேல நெகட்டிவ் ரீலைத் தோண்டி எடுத்து, பழைய எபிசோடை வழிகாட்டியா வச்சுக்கிட்டு, எந்த ஷாட்டுக்கு எந்த டேக், எந்த ஃபிரேம்ல ஆரம்பம் எதுல முடிவுனு ஒவ்வொண்ணா பொருத்தி, ஒரு தொடரை முழுசா மறுபடியும் எடிட் பண்ணினாங்க. கப்பல் மாடலை எடுத்த ஃபிலிம் கிடைச்சதால அதை மறுபடி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி எஃபெக்ட் செஞ்சாங்க, வீடியோவுலயே உருவாக்கின ஒளிக்கதிர் மாதிரி விஷயங்களை புதுசா வரைஞ்சாங்க, நெகட்டிவ் கிடைக்காத சில ஷாட்டை டேப்ல இருந்தே பெருசாக்கி வச்சாங்க. ப்ளூரே 2012ல இருந்து 2014 வரைக்கும் வந்துச்சு. அதுக்கு அடுத்து வந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடருக்கு அந்த மாதிரி முழு மறுஉருவாக்கம் இன்னும் நடக்கலை, செலவு அப்படி.

நீங்க இப்படி ஒரு தொடரை எடுத்தா மொதல்ல ஒரே ஒரு எபிசோடை முழுசா பண்ணிப் பாருங்க, எத்தனை ஆள், எத்தனை நாள்னு எழுதி வச்சு, அதை மொத்த எபிசோடால பெருக்கினதுக்கு அப்புறம் தயாரிப்பாளர் கிட்ட பேசுங்க. எடிட்டரோட பழைய கட் லிஸ்ட் கிடைச்சா பாதி வேலை மிச்சம்.

இன்டர்லேஸைக் கையாளறது

ஃபிலிம் தொடர்னா புல்டவுனை எடுத்துட்டு 24க்குத் திரும்புங்க, அவ்வளவுதான். வீடியோ தொடர்லதான் தப்பு நடக்கும். அதுல செகண்டுக்கு 50 இல்லைன்னா கிட்டத்தட்ட 60 தனித்தனி அசைவு இருக்கு, அந்த வழுக்கற மாதிரி ஓட்டம்தான் அந்தத் தொடரோட உயிர், அதை 25க்கோ 30க்கோ சுருக்கினா பாதி அசைவைத் தூக்கிப் போட்டாச்சு. சாதாரண ப்ளூரேல 1080பி 24 வரைக்கும்தான், 50ம் 60ம் 1080 அளவுல இன்டர்லேஸாதான் போகும், இல்லைன்னா 720பி. அதனால வீடியோ தொடரை 1080 இன்டர்லேஸா ஆக்குங்க, இல்லை நேரா எஸ்டியாவே ப்ளூரேல போடுங்க, ஃபார்மேட் அதை அனுமதிக்குது, ஒரே டிஸ்க்ல நிறைய எபிசோட் நல்ல பிட்ரேட்ல அடங்கும். திருத்தற வேலைக்கு நடுவுல முழு ஃபிரேமா மாத்தணும்னா க்யூடிஜிஎம்சி மாதிரி ஃபில்டர்ல ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு ஃபிரேமா விரிச்சுக்கோங்க, கடைசியில திரும்ப மடிச்சுடலாம்.

டெலிரெக்கார்டிங் மட்டும் இருக்கற தொடருக்கு ரெண்டு அற்புதமான வழி இருக்கு. ஒண்ணு விட்ஃபயர்னு ஒரு முறை, 25 ஃபிரேம் ஃபிலிமுக்கு நடுவுல காணாமப் போன அசைவைக் கணக்குப் போட்டு நிரப்பி, ஒளிபரப்பான அன்னைக்கு இருந்த வீடியோ ஓட்டத்தைக் கொண்டு வந்துடும். இன்னொண்ணு நினைச்சாலே சிலிர்க்கும். கலர் நிகழ்ச்சியை கறுப்பு வெள்ளை ஃபிலிம்ல பிடிக்கும்போது கலர் சிக்னலை வடிகட்டாம விட்டிருந்தா, அது பொடிப்பொடி புள்ளியா படத்துலயே பதிஞ்சிருக்கும். போதுமான தெளிவுல ஸ்கேன் பண்ணி அந்தப் புள்ளியைப் படிச்சா ஒரிஜினல் கலரே திரும்பக் கிடைக்கும். 'டாட்ஸ் ஆர்மி'யோட ஒரு எபிசோடை 2008ல பிபிசி இப்படித்தான் கலர்ல திரும்ப ஒளிபரப்புச்சு. அதனால கறுப்பு வெள்ளை டெலிரெக்கார்டிங்ல மெல்லிசா புள்ளி வலை தெரிஞ்சா அதை அழுக்குனு சுத்தம் பண்ணிடாதீங்க, அதுதான் கலர்.

சுத்தம் பண்றப்போ கையை அடக்குங்க

தூசி, கீறல், நடுக்கம், மினுக்கல் எல்லாம் எடுங்க. ஆனா ஆட்டோமேட்டிக் ஃபில்டருக்கு ஒரே ஃபிரேம்ல வந்து போற எதுவுமே தூசிதான், மழைத்துளி, தீப்பொறி, பறக்கற பந்து, கண் சிமிட்டறது, எல்லாத்தையும் தின்னுடும். ஒவ்வொரு தடவையும் முன்னாடி இருந்த படத்தையும் பின்னாடி வந்த படத்தையும் கழிச்சு மிச்சத்தைப் பாருங்க, மிச்சத்துல வெறும் புள்ளியும் கோடும் இருந்தா சரி, மூக்கோ விரலோ தெரிஞ்சா ஃபில்டர் நடிகரையே வெட்டுது. கிரெயின், அதாவது ஃபிலிம்ல தெரியற பொடி மணி, அழுக்கு இல்லை, ஃபிலிம்ல படம்ங்கறதே கிரெயின்தான், அதைத் துடைச்சா முகம் மெழுகுப் பொம்மையா ஆகும். ஏஐ அப்ஸ்கேலரும் அப்படித்தான், கிட்டத்துல இருக்கற முகத்தை நல்லா காட்டும், பின்னாடி நிக்கற கூட்டத்துல கண்ணு வாயெல்லாம் கோணிக்கும், சுவர்ல இருக்கற எழுத்து எந்த மொழியும் இல்லாம மாறும். பயன்படுத்தறதா இருந்தா ஷாட் ஷாட்டா பாத்து, பின்னணியைப் பாத்து முடிவு பண்ணுங்க.

கலருக்கு உங்க ரசனை வேண்டாம், ஆதாரம் வேணும். பழைய ஒளிபரப்பு டேப், நல்ல பிரிண்ட் எதையாவது பக்கத்துல ஓட விட்டு கலரை கிரேட் பண்ணுங்க (சரிப்படுத்துங்க). பகல்ல எடுத்து ராத்திரி மாதிரி இருட்டாக்கற வழக்கம் அப்போ உண்டு, அந்த இருட்டு டேப்ல மட்டும்தான் இருக்கும், நெகட்டிவ்ல பட்டப்பகல். 'பஃபி' தொடரோட எச்டி பதிப்புல இது தவறிப் போய், ராத்திரி சீன் பகலாத் தெரிஞ்சுது, ரத்தக்காட்டேரியை வேட்டையாடற கதைக்கு அது எவ்வளவு பெரிய அடி. எஸ்டியில இருந்து எச்டி போகும்போது 601ல (எஸ்டி கலர் தரநிலை) இருந்து 709க்கு (எச்டி கலர் தரநிலை) கலர் கணக்கை மாத்தவும் மறக்காதீங்க, மறந்தா தோலும் பச்சையும் லேசா பிசகும்.

4:3 தொடரை 4:3லயே விடுங்க, 1920ல நடுவுல 1440, ரெண்டு பக்கமும் கறுப்பு. டிவி முழுக்க நிரப்பணும்னு மேலயும் கீழயும் வெட்டினதால 'சிம்ப்சன்ஸ்' 2019ல ஸ்ட்ரீமிங்ல வந்தப்போ ஒரு ஜோக்கே காணாமப் போச்சு, மூணு வகை பீர் தொட்டிக்கும் ஒரே குழாய்தான் வருதுங்கறதுதான் ஜோக், குழாய் ஃபிரேமுக்கு வெளிய. அடுத்த வருஷம் 4:3யைக் கொண்டு வந்தாங்க. வெட்டாம பக்கவாட்டுல விரிச்சாலும் ஆபத்து, நெகட்டிவ் ஓரத்துல லைட் ஸ்டாண்டும் டூப் ஆளும் நிக்கறது தெரியும்.

சவுண்ட்

சவுண்டை கடைசிக்குத் தள்ளாதீங்க. தனியா காந்த ஃபிலிம்ல சவுண்ட் இருந்தா அதுதான் ராஜா, பிரிண்ட் ஓரத்துல இருக்கற ஆப்டிகல் ட்ராக் அதோட வாரிசுதான். 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ஹம்மை எடுங்க, டிக் டிக் சத்தத்தை எடுங்க, இரைச்சலைக் கொஞ்சம் விட்டு வைங்க, மொத்தமா எடுத்தா ஆள் குழாய்க்குள்ள பேசற மாதிரி ஆகும். மோனோன்னா மோனோவாவே கொடுங்க. பிஏஎல் டேப்ல இருந்து எடுத்த ஃபிலிம் தொடர் 4 சதவீதம் வேகமா ஓடும், குரலும் கிட்டத்தட்ட முக்கால் அரைஸ்வரம் ஏறியிருக்கும், தீம் மியூசிக்கை ஒரு கீபோர்டோட ஒத்துப் பாத்தா உடனே தெரியும்.

டிஸ்க்குக்கு முன்னாடி

மாத்தினது எதுவா இருந்தாலும் பழசையும் கொடுங்க. பழைய 'ஸ்டார் ட்ரெக்'குக்கு 2006ல இருந்து புது எஃபெக்ட் செஞ்சாங்க, ஆனா ப்ளூரேல புதுசா பழசானு பாக்கறவங்களே தேர்ந்தெடுக்கலாம், அதுதான் மரியாதை. எந்த எபிசோட் எந்த காப்பியில இருந்து வந்துச்சு, எந்த சீன் டேப்ல இருந்து சேத்ததுனு உள்ள வைக்கற சின்னப் புத்தகத்துல அச்சடிங்க.

சேப்டர் குறி டைட்டில் முடிஞ்ச அடுத்த ஃபிரேம்ல இருக்கணும். சப்டைட்டிலை பழைய ஸ்க்ரிப்ட்ல இருந்து போடாம நடிகர் நிஜமா பேசினதைக் கேட்டுப் போடுங்க. அப்புறம் டெஸ்ட் டிஸ்க் வந்ததும் மூணு பேர் தனித்தனியா, மூணு வேற பிளேயர்ல, ஒரு எபிசோட் விடாம முழுசா உக்காந்து பாக்கணும், ஓட்டி ஓட்டிப் பாக்கறது கணக்குல வராது. அதுல ஒருத்தராவது அந்தத் தொடரை ஒளிபரப்பான காலத்துல பாத்தவரா இருக்கட்டும், அளவுகோல் எதுலயும் மாட்டாத ஒரு தப்பை அவர் "இந்த இடத்துல ஒரு வசனம் இருக்குமே"னு சொல்லிடுவார்.

டிஸ்க் பிரஸ்ஸுக்குப் போன அன்னைக்கே சுத்தம் பண்ணாத ஸ்கேன், கேப்சர் ஃபைல், செக்சம், அந்த ஸ்ப்ரெட்ஷீட் எல்லாத்தையும் ஒண்ணா எடுத்து வச்சு, என்ன ஃபில்டர் எந்த வரிசையில போட்டீங்கனு ஒரு சாதா டெக்ஸ்ட் ஃபைலும் எழுதி கூடவே போடுங்க, இன்னும் 20 வருஷம் கழிச்சு யாராவது இதே தொடரை மறுபடி கையில எடுப்பாங்க, அவங்களுக்கு உங்க டிஸ்க்கைவிட அந்த ஃபோல்டர்தான் தேவைப்படும்.